அரை ஸ்வரம் கீழே

பதினான்காம் அத்தியாயம்

மார்க்கியான் வழுக்கி விழுந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். எழுந்தாரா என்று கேட்டு எழுதியவர்களுக்குப் பதில்: எழுந்தார், இரண்டு பேர் பிடித்துத் தூக்கியதால். கையில் இருந்த வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கணுக்கால் மட்டும் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது.

எங்கள் ஊர் ஓபரா அரங்கத்தில் இருபத்திரண்டு வருடமாக வாத்தியக் குழுவை நடத்துபவர் அவர். அரங்கத்தின் பின்வாசல் படியில், பனி உறைந்து கிடந்த சனிக்கிழமை காலையில், மறுநாள் ஸெனோவி ஹ்லாடிஷ் மேடையேறிய முப்பதாம் ஆண்டு விழாவை வைத்துக்கொண்டு விழுந்தார். விழுவதற்கு வருடத்தில் வேறு முந்நூற்று அறுபத்து நான்கு நாள் இருந்தது.

ஸெனோவி யார் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. டெனர், அதாவது ஆண்குரலில் உச்ச ஸ்தாயி பாடுபவர். ஐம்பத்து நான்கு வயது. லிவீவில் கூப்பிட்டார்கள், தலைநகர் கீவில் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்வார்; எல்லாமே நன்றாக இருக்கும். எங்கள் ஊர்ப் பேராசிரியர் ஒருவர் எப்போதோ எழுதிவைத்த 'தோணிக்காரன்' என்ற ஓபராவை வேறு எந்த ஊரிலும் போடுவதில்லை. ஆகவே எங்களுக்கு அது உலகத்திலேயே சிறந்தது. மூன்றாம் அங்கத்தில் தோணிக்காரன் ஆற்றைப் பார்த்து ஒரு பாட்டுப் பாடுவான். பாட்டு முடியும்போது மேல் 'தோ' என்ற ஸ்வரம் வரும். டெனரின் குரலில் அது மொட்டை மாடி. சிலருக்கு ஏணி உண்டு, பலருக்கு இல்லை. ஸெனோவி முப்பது வருடமாக அங்கே ஏறி நிற்கிறார் என்பது ஊர் நம்பிக்கை. அவருடைய நம்பிக்கையும் அதுதான்.

உண்மையில் ஆறு வருடமாக அவர் பாடிக்கொண்டிருப்பது 'ஸி'. அரை ஸ்வரம் கீழே.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அவருக்கு நிமோனியா வந்தது. தேறி வந்து முதல் ஒத்திகையில் பாடியபோது அந்த இடத்தில் குரல் உடைந்தது. சளி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மார்க்கியான் அன்றே நோட்டு அறைக்கு வந்தார். வாத்தியக்காரர்களின் இசைத்தாள்களையெல்லாம் காப்பது அங்கே இருக்கும் ஸ்தெஃபாவின் வேலை. ஸெனோவியைக் காப்பது அவளது இன்னொரு வேலை, மனைவி என்ற முறையில். ஒரு மாதத்துக்கு மட்டும் அந்தப் பாட்டை அரை ஸ்வரம் இறக்கிவிடலாம் என்றார் மார்க்கியான். அவள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக இறக்கி எழுதி, பழைய தாளின் மேல் ஒட்டினாள்.

எங்கள் ஊர்ச் சந்தைக்கு எதிரே தற்காலிகமாகப் போட்ட தகரக் கடைகள் பத்தொன்பது வருடமாக நிற்கின்றன. இந்த ஒரு மாதமும் அந்த ரகம்.

வாத்தியக் குழுவில் நாற்பத்தாறு பேர். நாற்பத்தாறு பேருக்கும் தெரியும். ஸெனோவிக்குத் தெரியாது. ஒரு ஸ்வரத்தைத் தனியாகக் கேட்டு இது இன்னது என்று பெயர் சொல்லும் காது அவருக்கு இல்லை. பெரும்பாலான பாடகர்களுக்கும் கிடையாது. வீட்டில் ஒரு பழைய பியானோ இருக்கிறது. அதைச் சுருதி சேர்க்க வந்தவரிடம் அதையும் அரை ஸ்வரம் இறக்கச் சொன்னாள் ஸ்தெஃபா. கணவரிடம், கம்பி பழசு, இழுத்துக் கட்டினால் அறுந்துவிடுமாம் என்றாள். அவர் பியானோவுக்காக வருத்தப்பட்டார்.

நிமோனியாவுக்குப் பிறகு தன் குரல் முன்னைவிடச் சுலபமாக ஏறுவதைக் கவனித்தார். காலையில் குடிக்கும் பச்சை முட்டைதான் காரணம் என்று முடிவு செய்தார். இசைக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் இப்போது அவரைப் பார்த்து முட்டை குடிக்கிறார்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

காலை பத்து மணிக்கு ஒத்திகை. மாலை ஐந்துக்கு நிகழ்ச்சி. மார்க்கியானின் இடத்துக்கு லிவீவிலிருந்து முதல் ரயிலில் வந்து இறங்கியவள் ரொமானா சொலூக். முப்பத்தொரு வயது. கையில் பேராசிரியரின் மூலப் பிரதி. காது நான் மேலே சொன்ன அந்த அபூர்வ ரகம். ரயிலில் டீ கிளாஸ் குலுங்கிய ஸ்வரம் என்ன என்று கேட்டால்கூடச் சொல்லுவாள்.

ஸெனோவி ஒத்திகைக்கு வரவில்லை. பாடும் நாளில் அவர் கண் விழித்ததிலிருந்து மேடை ஏறும் வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு பச்சை நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார். வேண்டியதை எழுதிக் காட்டுவார். முப்பது வருடமாக அப்படித்தான். திருமணத்தை அவர் பாடாத நாளாகப் பார்த்து வைத்தார்கள்.

மூன்றாம் அங்கத்துப் பாட்டு ஓபோவில் தொடங்கும். சீவாளி வைத்து ஊதும் அந்த ஒற்றைக் குழல் தனியாக அரை நிமிடம் அழும். பிறகுதான் மற்றவர்கள் சேர்வார்கள். ஓபோ வாசிப்பவள் உலியானா. ஸெனோவியின் மகள், இருபத்தாறு வயது. நான்கு வருடமாகக் குழுவில் இருக்கிறாள். சேர்ந்த முதல் நாளே அந்த ஒட்டுத்தாள் அவளுக்கு முன்னால் இருந்தது. அம்மாவின் கையெழுத்து.

அவள் ஊதத் தொடங்கியதும் ரொமானா தாளம் காட்டும் கோலைக் கீழே வைத்தாள். மூலத்தில் இருப்பது வேறு, வாசிப்பது வேறு, என்ன விஷயம் என்று கேட்டாள்.

நாற்பத்தாறு பேரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து பெரிய டபுள் பேஸ்காரர் மட்டும், "எங்க ஊர்ல கொஞ்சம் பள்ளம் மேடம்," என்றார்.

உலியானா எழுந்து, உள்ளதை உள்ளபடி நாலு வாக்கியத்தில் சொன்னாள். பாடகருக்குத் தெரியுமா என்று ரொமானா கேட்டாள். தெரியாது என்றாள். அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். அப்பா என்றாள்.

ரொமானா கொஞ்ச நேரம் மூலப் பிரதியின் பக்கத்தை வெறுமனே தடவிக்கொண்டிருந்தாள்.

"மேல பாடினாலும் சரி, கீழ பாடினாலும் சரி, எனக்கு ஒண்ணும் இல்ல. டெனருக்கு இறக்கிக் குடுக்காத ஊரே கிடையாது. ஆனா பாடறவருக்கே தெரியாம நான் குச்சி தூக்க மாட்டேன். ரெண்டு மணிக்குள்ள அவர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுங்க. இல்லைனா வேற ஆளைப் பார்த்துக்கங்க."

வேற ஆள் ஊறுகாய் ஜாடியோடு மருத்துவமனையில் படுத்திருந்தார்.

நோட்டு அறையில் அம்மாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். சொன்னால் அவர் இன்று மேடை ஏறமாட்டார் என்பது உலியானாவின் பயம். இன்று மட்டுமல்ல, என்றைக்குமே. ஊர் முழுக்கச் சுவரொட்டி, கலாச்சாரத் துறையிலிருந்து 'மாண்புறு கலைஞர்' பட்டயத்தோடு ஆள் வருகிறார், இதை வைத்துக்கொண்டு போய், அப்பா, ஆறு வருடமாக நாங்கள் நாற்பத்தாறு பேர் உங்களைத் தாங்கிப் பிடித்தோம் என்று எப்படிச் சொல்வது. அந்த லிவீவுப் பெண்ணிடம் கேட்டாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டால் என்ன?

"இன்னிக்கு விழா முடியட்டும்மா. நாளைக்குச் சொல்லலாம்."

"ஆறு வருஷமா அந்த நாளைக்குத்தான் நானும் காத்துட்டிருக்கேன்," என்றாள் ஸ்தெஃபா. கோட்டை எடுத்து மாட்டினாள். "ஒட்டினது நான். நானே சொல்றேன். நீ கூட வா, அது போதும்."

போகிற வழியில் டிராலிபஸ்ஸில் இன்னொன்றும் சொன்னாள். ஒட்டுத்தாளை மேல் விளிம்பில் மட்டும்தான் பசை தடவி ஒட்டியிருக்கிறாளாம், தூக்கினால் பழைய தாள் அப்படியே இருக்குமாம். ஒரு மாதம் என்று சொன்னார்களே, அதனால்.

ஸெனோவி சமையலறையில் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு கட்டி, தோணிக்காரனின் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்திருந்தது. அவர்கள் உள்ளே வந்ததும் நோட்டில் எழுதிக் காட்டினார்: கதவு. காத்து.

உலியானா கதவைச் சாத்தினாள். சீவாளியை நனைக்கிற சாக்கில் வாயில் வைத்துக்கொண்டாள். ஆக அந்த வீட்டில் பேசக்கூடிய வாய் ஒன்றுதான் இருந்தது.

ஸ்தெஃபா உட்காரவில்லை. கோட்டைக் கழற்றாமல், அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருந்த கோழி சூப்பைப் பார்த்தபடியே சொன்னாள். நிமோனியா, மார்க்கியான், ஒரு மாதம், பசை, பியானோ. எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. நடுவில் ஒரு தடவை சூப்பின் நெருப்பைக் குறைத்தாள்.

ஒரு பூட்ஸ் மின்னியது. இன்னொன்று பாதியில் நின்றது.

அவர் எழுதினார்: யார் யாருக்குத் தெரியும்?

"வாத்தியக் குழுவுக்கு."

எல்லாருக்குமா?

"ஹார்ப் வாசிக்கற பொண்ணு அப்போ பிரசவ லீவுல இருந்தா. திரும்பி வந்தப்புறம் சொன்னோம்."

அவர் உலியானாவைப் பார்த்தார். அவள் வாயிலிருந்து சீவாளியை எடுத்தாள். துடைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

ஸெனோவி எழுந்து முன்னறைக்குப் போனார். பியானோவின் மூடியைத் திறந்து 'தோ'வை ஒரு விரலால் அழுத்தினார். ஆறு வருடமாக 'தோ' என்று அவர் நம்பியது ஒலித்து, ஓய்ந்தது. ஸ்தெஃபாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். அவர் விரலைப் பிடித்து, வலப்பக்கம் ஒட்டியிருந்த கறுப்புக் கட்டையின் மேல் வைத்தாள்.

"நிஜ 'தோ' இது, ஸெனியோ."

அவர் அழுத்தினார். பிறகு வெள்ளை. பிறகு கறுப்பு. ரொம்ப நேரம் அந்த இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார். மேல் வீட்டுக்காரர் வெந்நீர்க் குழாயைத் தட்டி ஆட்சேபம் தெரிவித்தார். ஞாயிற்றுக்கிழமை.

மூடியைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குத் திரும்பி, மீதிப் பாதி பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு முடித்தார். சூப் குடித்தார். கிண்ணத்தைக் கழுவி வைத்தார். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். மணி ஒன்று பத்து.

அதற்கப்புறம் எழுதினார். எப்போதும்போல நாலு சொல் இல்லை, அரைப் பக்கம். கிழித்து உலியானாவிடம் நீட்டினார்.

'நான் மேடைக்குப் போறேன். ரெண்டு அங்கம் நீ கேளு. மூணாவதுல பாட்டு உன்கிட்டதான் ஆரம்பிக்குது. மேலயோ கீழயோ, நீ எதுல ஆரம்பிக்கிறியோ அதுல பாடறேன். மத்தவங்க தாளைத் தூக்கறதோ விடறதோ உன் முதல் ஸ்வரத்தைக் கேட்டு. எதுன்னு என்கிட்ட சொல்லாதே. எப்பவும்.'

உலியானா இரண்டு தடவை படித்தாள்.

"என்னால முடியாதுப்பா. உங்க தொண்டை, நீங்கதானே முடிவு பண்ணணும். ஒரு விரலைக் காட்டுங்க, போதும், நான் அதையே ஊதறேன்."

அவர் நோட்டை எடுத்து இன்னும் ஒரு வரி எழுதினார்: எனக்கு என் குரல் உள்ளேயிருந்து கேக்குது. உனக்கு வெளியேயிருந்து.

பிறகு கோட்டை எடுத்துக்கொண்டார். டிராலிபஸ்ஸில் காற்று அடிக்கும் என்பதால் மூவரும் நடந்தே போனார்கள்.

ரொமானா அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தாள். தான் படித்த கல்லூரியில் இந்த மாதிரி ஏற்பாடு எதையும் சொல்லித்தரவில்லை என்றாள். ஸெனோவியின் முகத்தைப் பார்த்தாள். உலியானாவின் முகத்தைப் பார்த்தாள். சரி என்றாள். வாத்தியக் குழுவைக் கூப்பிட்டு அறிவித்தாள்: ஓபோவின் முதல் ஸ்வரம் எதுவோ அது, அரை நிமிடம் இருக்கிறது, தாளைத் தூக்குபவர்கள் சத்தமில்லாமல் தூக்கவும். டபுள் பேஸ்காரர், வயதான காலத்தில் இதையும் பார்க்க நேர்ந்ததே என்றார். ஆனால் தன் தாளை எடுத்து, விளிம்பு சுலபமாகத் தூக்க வருகிறதா என்று மூன்று தடவை சோதித்துப் பார்த்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குத் திரை விலகியது.

முதல் அங்கத்தில் அவர் குரல் வெதுவெதுப்பான பால் மாதிரி இருந்தது. உலியானா தன் பகுதியை வாசித்துக்கொண்டே கேட்டாள். அப்பாவின் குரலை அப்பாவின் குரலாகக் கேட்காமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை. காய்ச்சல் நாட்களில் கதை சொன்ன குரல் அது. பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியலைப் படித்த குரலும் அதுதான். அதையெல்லாம் விலக்கி வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஐம்பத்து நான்கு வயது டெனர் ஒருவருடைய தொண்டையில் இன்று என்ன மிச்சம் இருக்கிறது என்று கணக்கிட வேண்டும்.

இரண்டாம் அங்கத்தில், அண்ணனோடு சண்டை போடுகிற இடத்தில், ஒரு ஸ்வரம் உரசியது. நாற்காலியைத் தரையில் இழுத்தது போல, ஒரு கணம். பார்வையாளர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துப் புல்லாங்குழல்காரி உலியானாவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

இடைவேளையில் ஸ்தெஃபா எலுமிச்சை போட்ட டீயோடு, மேடைக்கு முன்னால் வாத்தியக் குழு உட்காரும் பள்ளத்துக்கு இறங்கி வந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"அந்த உரசல் களைப்பு இல்ல. சண்டைக் காட்சில அவர் எப்பவும் கொஞ்சம் அதிகமா போவாரு."

"அப்போ மேல வாசிக்கச் சொல்றியா?"

ஸ்தெஃபா, ஆறு வருடம் பசை தடவிய கையால் மகளின் காலரைச் சரிசெய்துவிட்டு மேலே போய்விட்டாள்.

மூன்றாம் அங்கம். மேடையில் நீல வெளிச்சத்தில் ஆறு. ரொமானா கோலை உயர்த்தி, ஓபோவின் பக்கம் திரும்பி, காத்தாள். நாற்பத்தைந்து பேரின் வலது கை தாளின் விளிம்பில் இருந்தது.

உலியானாவுக்குக் காதில் அந்த உரசல்தான் கேட்டது. அந்த மொட்டை மாடியில் ஆயிரம் பேருக்கு முன்னால் அவர் கால் தவறுவது தெரிந்தது. விழா மேடையில், பட்டயத்தை வைத்துக்கொண்டு ஆள் காத்திருக்கும்போது.

கீழே தொடங்கினாள்.

நாற்பத்தைந்து கைகள் தாளை விட்டு வாத்தியத்துக்குத் திரும்பின. யாரோ மூச்சு விட்டது கேட்டது. ரொமானாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஸெனோவி பாடினார். ஆற்றின் அகலத்தைப் பற்றி ஒரு சரணம், அக்கரையில் தெரியும் விளக்கைப் பற்றி ஒரு சரணம். பிறகு அந்த இடம் வந்தது. ஏறினார்.

வழக்கமாக நான்கு எண்ணும் வரை பிடிப்பார். உலியானாவின் கால் விரல் பூட்ஸுக்குள் எண்ணியது. நான்கு. ஐந்து. ரொமானாவின் கோல் காற்றில் நின்றது. ஆறு. குரல் மெலியவில்லை, தடித்துக்கொண்டு போனது. ஏழு. உரசல் இல்லை, நடுக்கம் இல்லை. மாடியில் நிற்பவன் இன்னும் ஒரு படி இருக்கிறதா என்று காலால் தேடுவது போல இருந்தது. எட்டு. ஒன்பது.

விட்டார்.

அரங்கம் எழுந்து நின்றது. வாத்தியக்காரர்கள் வில்லால் தாள் தாங்கியைத் தட்டிப் பாராட்டினார்கள். உலியானா மட்டும் தன் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. இடம் மிச்சம் இருந்தது. அரை ஸ்வரத்துக்கு மேலேயே இருந்தது. அவர் குரலை வெளியேயிருந்து கேட்கச் சொன்னார். அவள் தன் பயத்தைக் கேட்டுவிட்டாள்.

மீதி நிகழ்ச்சி அதன் முறைப்படி நடந்தது. தோணிக்காரன் இறந்தான். கலாச்சாரத் துறை அதிகாரி பட்டயத்தைப் படித்து, இந்த மேல் 'தோ' நம் மாவட்டத்தின் சொத்து என்றார். வாத்தியக் குழு காலணியைப் பார்த்தது. ஸெனோவி குனிந்து வணங்கினார். பூங்கொத்துகள் வந்தன. ஒன்றில் பன்னிரண்டு ரோஜா இருந்தது. ஸ்தெஃபா அதை வாங்கிய கையோடு ஒன்றை உருவித் திரைச்சீலைக்காரர் சட்டையில் செருகினாள். எங்கள் ஊரில் இரட்டைப்படைப் பூ கல்லறைக்குத்தான் போகும்.

ஒப்பனை அறையில் ஸெனோவி கண்ணாடி முன் உட்கார்ந்து வாஸ்லைன் தடவி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உலியானா ஓபோப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, நான் வந்து..."

அவர் கையைத் தூக்கினார். சொல்லாதே என்று எழுதிக் கொடுத்தது இன்னும் அவள் பையில்தான் இருந்தது. நிறுத்திக்கொண்டாள். அவர் நெற்றியில் பாக்கி இருந்த வண்ணத்தைத் துடைத்துப் பஞ்சைக் கூடையில் போட்டார். பிறகு, மேடையில் பாடியதைத் தவிர அன்றைய தினத்தின் முதல் வார்த்தையைப் பேசினார். பூங்கொத்துகளை அடுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம்.

"ஸ்தெஃபா, பியானோவுக்குச் சுருதி சேர்க்கற ஆளோட நம்பர் வெச்சிருக்கியா?"

"இருக்கு. எதுக்கு?"

"நாளைக்கு வரச் சொல்லு. அரை ஸ்வரம் மேல ஏத்தணும்."

"கம்பி பழசு, ஸெனியோ. இழுத்தா அறுந்துடும்," என்றாள் ஸ்தெஃபா. ஆறு வருடம் சொல்லிப் பழகிய வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்தபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கம்பளித் துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றி, இரண்டு முனையையும் கோட்டுக்குள் செருகினார்.

"அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும்."

உலியானாவைத் தாண்டிப் போகும்போது அவள் கையிலிருந்த ஓபோப் பெட்டியை வாங்கிக்கொண்டார். படியெல்லாம் பனி, பார்த்து இறங்கு என்றார். அவ்வளவுதான். அடுத்த 'தோணிக்காரன்' மூன்று வாரம் கழித்து, பதினெட்டாம் தேதி. மார்க்கியானின் காலுக்கு ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அன்றைக்கும் ரொமானாதான். முதல் ஸ்வரத்தை யார் முடிவு செய்வது என்று மட்டும் ஸெனோவி இன்னும் சொல்லவில்லை. உலியானாவும் கேட்கவில்லை. அவருடைய கைப்பிடியில் ஓபோ ஆடிக்கொண்டே போவதைப் பார்த்தபடி, இரண்டு படி பின்னால் இறங்கினாள்.